ரேமாக்குக்கு ஓர் அத்தியாயம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
9-6-1955

கனம் பொருந்திய ‘இயற்கைத் தூதன்’ பத்திராதிபர் ஞானசிகாமணி அவர்கள் சமூகத்துக்கு, நீலாம்பாள் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் மே மாத இதழ் கைக்கு வந்து பல நாட்கள் கழிந்தபின் எழுதுவதற்குத் தங்கள் மன்னிப்பைக் கோருகிறேன். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. கிடைத்த அன்றே எழுதியிருந்தால், எழுதத்தகாத சொற்களை எழுதியிருப்பேன்.

ஜனவரி முதல் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் ‘உயிரணுவின் கதை’ என்னும் தொடரை எழுதுகிறவள் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் வாசகர்கள் அறியமாட்டார்கள். தலைப்பின்மேல் ‘பேராசிரியர் டாக்டர் குற்றாலலிங்கம் அவர்களால் பார்வையிடப்பட்டது’ என்று கட்டைவிரல் பருமனில் அச்சிடுகிறீர்கள். கட்டுரை முடிந்த இடத்தில், எறும்பு தூக்கிப்போகும் அளவில் ‘நீ.’ என்று ஓர் எழுத்து. பட்டம் பெற்றவர் பார்வையிட்டாலன்றிப் பள்ளிகள் வாங்கமாட்டா என்று தாங்கள் சொன்னதால் இதுவரை பொறுத்தேன். இன்றைய முறையீடு என் பெயரைப் பற்றியதன்று.

முதற்பகுதியில், தக்கைச் சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் தேனடை போன்ற சிற்றறைகளைக் கண்ட ஹூக்கைப் பற்றி எழுதினேன். அடுத்து, தாமே தேய்த்த கண்ணாடியால் குளத்து நீரின் நுண்ணுயிர்களைக் கண்ட லீவன்ஹோக். அவர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதியாத துணி வணிகர். பிறகு ஷ்லைடனும் ஷ்வானும்: செடிகொடிகள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்றார் ஒருவர், விலங்குகளும் அவ்வாறே என்றார் மற்றவர். ஆனால் புதிய உயிரணு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் இருவரும் தவறினார்கள். பாகில் கற்கண்டு உறைவதுபோல் ஏதோ ஒரு திரவத்தில் அது தானாக உறைகிறது என்றார்கள். அந்தத் தவற்றைத் திருத்தியது யார் என்பதே மே மாதப் பகுதி.

திருத்தியவர் பெர்லின் நகரத்து ராபர்ட் ரேமாக். கோழிக்கருவின் இரத்தத்திலும் தவளை முட்டையிலும் பல ஆண்டுகள் உற்றுப் பார்த்து, ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதாலன்றி மற்றோர் உயிரணு பிறப்பதில்லை என்று சொன்னார். அவர் யூதர். ஞானஸ்நானம் பெற்றால் உயர்பதவி உண்டு என்றார்கள், அவர் பெறவில்லை. அவரை நன்கு அறிந்த விர்கோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர், முதலில் நம்பாமல் இருந்து, பின்னர் ‘ஒவ்வோர் உயிரணுவும் ஓர் உயிரணுவிலிருந்தே’ என்று லத்தீனில் அழகான ஒரு வாக்கியம் சமைத்தார். ரேமாக்கின் பெயரை அதில் சேர்க்கவில்லை. உலகம் வாக்கியத்தை வைத்துக்கொண்டது. பார்த்த கண்களை மறந்தது.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். தாங்கள் அச்சிட்டிருப்பது: ‘இவ்வுண்மையை உலகுக்கு முதன்முதலில் அளித்தவர் விர்கோ.’ ரேமாக் என்ற பெயர் எங்கும் இல்லை. நூறாண்டுகளுக்கு முன் பெர்லினில் நடந்த அநீதியைத் தாங்கள் நாகர்கோவிலில் மறுபடியும் நடத்தியிருக்கிறீர்கள். அதையும் என் கட்டுரைக்குள் வைத்து நடத்தியிருக்கிறீர்கள்.

என் கணவர் தாணு பிள்ளை சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிக் கணக்கர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீலா, அந்த ஆளு செத்துத் தொண்ணூறு வருசம் ஆச்சுல்லா? நீ இப்போ சாப்பிடாமக் கெடந்தா அவருக்கு உத்தியோகம் கெடைக்குமா?” என்றார். கிடைக்காது, ஆயினும் உண்டு உறங்க என்னால் இயலாது என்றேன். அவர் உண்டு உறங்கினார்.

வெட்டப்பட்ட பகுதியை அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுமாறு கோருகிறேன்.

இங்ஙனம்,
தா. நீலாம்பாள்

---

நாகர்கோவில்
18-6-1955

மதிப்புள்ள அம்மா,

வணக்கம். தங்கள் கடிதத்தை என் மனைவி சரோஜம்தான் உரக்க வாசித்தாள். எனக்குக் கண் புரை. முடித்ததும், “இதுக்குப் பதில் நீங்களே எழுதுங்க. நான் கோழியை அடைச்சிட்டு வாறேன்” என்று எழுந்துபோய்விட்டாள். பட்டப்பகலில் எந்தக் கோழியை அடைக்கப்போனாளோ தெரியவில்லை.

வெட்டியது நான்தான். பேராசிரியரைக் குறைசொல்ல வேண்டாம். என் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் படித்த எல்லாப் பாடநூலிலும் விர்கோ இருக்கிறார். ரேமாக் இல்லை. நான் புதிதாக ஒரு பெயரைப் போட்டால் கேள்வி வரும். பதில் சொல்ல நான் யார்? இருபத்தெட்டு வருஷம் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்தி ஓய்வுபெற்றவன்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘வாசகர் தம் வீட்டிலேயே செய்து காண்க’ என்று ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் போடுவது நம் பத்திரிகையின் பிடிவாதம். தங்கள் கட்டுரைகளை நான் விரும்பியதே அதனால்தான். வெங்காயத் தோலைத் தாங்கள் உரித்துப் பார்த்தீர்கள். கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியால் வழித்துப் பார்த்தீர்கள். ரேமாக் விஷயத்தில் மட்டும் தங்களிடம் இருப்பது பொதுநூலகத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அடிக்குறிப்பு. அதை நம்பி நான் எப்படிச் சண்டைக்குப் போவேன்?

தாங்களே கண்டு எழுதுங்கள். கண்டதை வெட்டமாட்டேன்.

ஞானசிகாமணி

---

ஸ்ரீவராகம்
4-7-1955

கனம் பத்திராதிபர் அவர்களுக்கு,

தாங்கள் சவால் விடுத்தீர்கள். கண்டேன், எழுதுகிறேன்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாற்பத்தேழில் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் விட்டுச்சென்ற பித்தளை உருப்பெருக்கிதான் இதுநாள்வரை எனக்குக் கண்ணாயிருந்தது. தவளை முட்டைக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. என் கணவர் அரிசியில் கல் பார்க்கும் கைக்கண்ணாடியே போதுமானதாயிற்று.

மழை பிடித்த பின், வீட்டுக்குப் பின்னால் நீர் தேங்கிய வயலில் ஒருநாள் விடியுமுன்னரே போய் நின்றேன். என் கணவர் குடை பிடித்தார். “ஊரில் ஆளுக பெண்டாட்டிக்கு மல்லிப்பூ தேடிப் போவாங்க, நான் தவளை முட்டை தேடி வந்திருக்கேன், கேட்டியா” என்று யாரிடமோ சொல்வதுபோல் வயலிடம் சொன்னார். முட்டைகள் கிடைத்தன. கூழில் பதித்த மிளகு போன்றவை. அரிசி களையும் பாத்திரத்தில் அந்த நீருடனேயே கொண்டுவந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் பின்கட்டுக்கு உடையவர் பட்டாபி ஐயர், முன்கட்டில் வசிக்கிறார். செய்தி அவருக்கு எட்ட நாழிகை ஆகவில்லை. பாத்திரத்திலிருந்து விலகி நின்றுகொண்டு, “ஏம்மா, குளத்துல இருக்க வேண்டியது குளத்துல இருக்கணும். அரிசிச் சட்டியில இருந்தா அதுக்குப் பேரு என்ன?” என்றார்.

“சோதனை” என்றேன்.

“நேக்குன்னா சோதனை! ராத்திரி முழுக்கக் கத்தப்போறது.”

“முட்டை கத்தாது, ஐயரே.”

“நாளைக்குத் தவளை ஆகுமோல்லியோ?”

“ஆகுமுன் திரும்ப வயலில் விட்டுவிடுவேன். கத்தினால் வாடகையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.” இதைச் சொன்ன பிறகுதான் அவர் அருகே வந்தார்.

நான் கண்டது வருமாறு. முட்டையின் மேற்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளிறியது. சற்று நேரத்தில் கறுப்பின் உச்சியில், நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் தோன்றியது. அது இருபுறமும் இறங்கி அடியில் கூடியது. ஒன்று இரண்டாயிற்று. பிறகு குறுக்கே மற்றொரு பள்ளம், இரண்டு நான்காயிற்று. நான்கு எட்டாகும் முன் பட்டாபி ஐயர் என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். “அட, பிளக்கறதே! யாரும் தொடலையே! அலமு, வந்து பாரேன்!” என்று மனைவியைக் கூவி அழைத்தார். அவர் கண்ணாடியைத் திருப்பித் தருவதற்குள் பதினாறும் கடந்துவிட்டது. முதல் நாள் வரைந்த படவரிசையில் எட்டு இல்லாததற்குக் காரணம் இதுவே. மறுநாள் வேறு முட்டைகளில் கண்டு வரைந்து சேர்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஷ்வான் சொன்னது உண்மையானால், முட்டைகளுக்கு இடையில் உள்ள தெளிந்த கூழிலும் புதிய உருண்டைகள் தாமாக உறைய வேண்டும். நான் முட்டையைப் பார்த்த நேரத்தைவிட அந்த வெறுங்கூழைப் பார்த்த நேரம் அதிகம். அதில் ஒன்றும் தோன்றவில்லை. காத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியவை யாவும் முன்பு இருந்தவற்றிலிருந்தே தோன்றின. ரேமாக் கண்டதும் இதுவே. லத்தீன் தெரிந்தவர்கள் பிறகு வந்தார்கள்.

பட்டாபி ஐயர் போகும்போது, “இதை மொதல்ல பாத்தவா யாரு?” என்று கேட்டார். சொன்னேன். “ரேமாக், ரேமாக்” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். தவளையை வீட்டில் வைக்கக்கூடாதென்று வந்த மனிதருக்கு அந்தப் பெயர் தெரியும். ‘இயற்கைத் தூத’னுக்குத் தெரியாது.

படங்களின் மூலையில் என் பெயரை முழுமையாக எழுதியிருக்கிறேன். படம் வரைந்தவர்கள் அவ்வாறு செய்வது எங்கும் உள்ள வழக்கம்.

தா. நீலாம்பாள்

---

நாகர்கோவில்
2-9-1955

மதிப்புள்ள அம்மா,

ஆகஸ்டு இதழில் தங்கள் தவளைக் கட்டுரை வந்ததைப் பார்த்திருப்பீர்கள். கண்டதில் ஒரு வரிகூட வெட்டவில்லை. ரேமாக்கின் பெயரும் ஒரு வரியில் இருக்கிறது. அவர் வரலாற்றுக்கு இடம் போதவில்லை; மன்னிக்க வேண்டும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. நல்லதென்றே நான் நினைக்கிறேன். ‘உயிரணுவின் கதை’யைப் புத்தகமாக அச்சிட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்குத் துணைப்பாட நூலாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். திருவனந்தபுரம், நாகர்கோவில், செங்கோட்டை, மலைத்தோட்டப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும். எல்லைக் கமிஷன் என்ன சொல்லுமோ, இந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகுமோ என்று எல்லாரும் அவசர அவசரமாகப் பாடநூல் குழுவின் ஒப்புதல் வாங்குகிறார்கள். நானும் ஓடுகிறேன்.

சொல்லக் கூச்சமாக உள்ள பகுதி இது. குழுவின் நடைமுறையில், பட்டம் பெற்ற கல்லூரிப் பேராசிரியர் எழுதிய நூல் நேரே ஒப்புதலுக்குப் போகும். மற்றவர் எழுதியதை ஒரு நிபுணரிடம் கொடுத்துப் பாடநூலோடு வரிக்குவரி ஒப்பிடுவார்கள். அதனால் முகப்பில் பேராசிரியர் குற்றாலலிங்கம் பெயர் போட ஏற்பாடாகியிருக்கிறது. முன்னுரையில் ‘படங்கள் வரைந்து உதவிய திருவனந்தபுரத்து அம்மையாருக்கு நன்றி’ என்று ஒரு வாக்கியம் வரும். பேராசிரியர் பெயரில் போவதால், சர்ச்சைக்குரிய ரேமாக் வரியையும் எடுத்துவிட்டேன். அவரை வம்பில் மாட்டிவிட எனக்கு உரிமையில்லை அல்லவா?

நூல் பிள்ளைகள் கையில் சேருவதுதான் முக்கியம் என்று தாங்களே ஒருமுறை எழுதினீர்கள்.

ஞானசிகாமணி

---

ஸ்ரீவராகம்
6-9-1955

பத்திராதிபர் அவர்களுக்கு,

இம்முறை தாமதமில்லை, ஆகவே மன்னிப்பும் இல்லை.

‘படங்கள் வரைந்து உதவிய’ என்று எழுதத் தங்களுக்குக் கை வந்ததா? தக்கைச் சீவலிலிருந்து தவளை முட்டைவரை ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வென்றவள், எழுதிய வாக்கியங்கள் அவை. விர்கோவாவது ஒரு வாக்கியத்தைத் தாமே சமைத்தார். தங்கள் பேராசிரியர் அதுவும் செய்யவில்லை.

படங்களைக்கூட ஒழுங்காக விட்டீர்களா? ஆகஸ்டு இதழில் மூலையில் இருந்த என் பெயரைக் காணோம். படத்தை அச்சுக்குப் பிளாக் செய்தவர் ஓரத்தைச் சீவிவிட்டாரென்று சமாதானம் சொல்லாதீர்கள். தவளை முட்டையின் கூழ்கூடச் சீவப்படாமல் இருக்கிறது.

பார்வையிட்டவர் என்கிறீர்கள். எதைப் பார்வையிட்டார்? ஏப்ரல் இதழை எடுத்துப் பாருங்கள். வெங்காயத் தோல் படத்தின் கீழ் ‘மனிதக் கன்னம்’ என்றும், கன்னத்தின் படத்தின் கீழ் ‘வெங்காயம்’ என்றும் அச்சாகியிருக்கிறது. அந்தப் படத்தை நம்பினால் நம் கன்னங்கள் செங்கல் சுவர்போல் கட்டப்பட்டவை. அன்றே திருத்தம் அனுப்பினேன், வெளியிடவில்லை. அந்தப் பக்கத்தின் தலையில், கட்டைவிரல் பருமனில், பேராசிரியரின் பெயர் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும் பிழை அது. அவர் இரு கண்ணையும் மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்.

தங்கள் கடிதத்தை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். எதற்கும் ‘சாரமில்லை, போகட்டும்’ என்று சொல்லிவிடுகிற மனிதர். இம்முறை சொல்லவில்லை. “இது நல்லாயில்லை, நீலா” என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

படங்களையும் கையெழுத்துப் பிரதியையும் திருப்பி அனுப்புங்கள்.

தா. நீலாம்பாள்

---

நாகர்கோவில்
21-9-1955

அம்மா,

திருப்பி அனுப்பவில்லை. கோபிக்கும் முன் இதை முழுக்க வாசித்துவிட வேண்டுகிறேன்.

ஏப்ரல் இதழை எடுத்துப் பார்த்தேன். தாங்கள் சொன்னது சரி. சரோஜத்திடம் காட்டினேன். தன் கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “செங்கல்லுன்னா நல்லதுதான், தேய்மானம் இருக்காது” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரே பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். முகப்பில் அந்த அம்மாளின் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். ஊஞ்சலை நிறுத்தாமலே சொன்னார்: “போட்டுக்கிடும் ஓய். எனக்கென்ன நட்டம்? எம்பேரு போட்ட புஸ்தகம் இன்னும் மூணு கெடக்கு. எந்தப் புஸ்தகம்னு சொன்னீரு?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் தங்களிடமிருந்து எதையும் பறித்ததாகவே அறியமாட்டார். எடுத்து அவர் மடியில் வைத்தது நான்.

மேயில் நான் வெட்டியதற்குச் சொன்ன காரணங்கள் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. ஞானஸ்நானம் பெற்றால் பதவி என்றார்கள், அவர் பெறவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். என் வாசகர்களில் பாதிப்பேர் மிஷன் பள்ளிக்கூடத்தார். நானும் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தவன்தான். படித்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் செய்யவேண்டியது அச்சிடுவது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். முகப்பில் ‘நீலாம்பாள்’ என்று தங்கள் பெயர் மட்டும் இருக்கும். ஆனால் அப்படிப் போட்டால் நூல் நிபுணரிடம் போகும். பாடநூலில் இல்லாத ரேமாக்கைக் கண்டால் நிபுணர் நூலையே திருப்பிவிடுவார். மறுபடி அனுப்புவதற்குள் எல்லை மாறிவிடும். அதனால் ரேமாக் மட்டும் இல்லாமல் தங்கள் பெயரோடு வரட்டும். அவருக்குத் தனியாகப் பத்திரிகையில் நான் ஒரு கட்டுரை போடுகிறேன், வாக்குத் தருகிறேன்.

சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஞானசிகாமணி

---

ஸ்ரீவராகம்
30-9-1955

கனம் பத்திராதிபர் ஞானசிகாமணி அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் என் கோபத்தைக் குறைத்தது என்று எழுதினால் பொய்யாகும். திசை மாற்றியது. தாங்கள் சொல்லியிருக்கும் உண்மைக்கு நன்றி. அவ்வளவு எழுத ஒருவருக்கு மனம் வருவது அரிது.

தாங்கள் எனக்குத் தரும் தெரிவு இது: என் பெயர் அல்லது ரேமாக். என் பெயர் இருந்தால் என் நூல் சந்தேகத்துக்குரியது, வரிக்குவரி ஒப்பிடப்படும். பேராசிரியர் பெயர் இருந்தால் அதே நூல் நேரே உள்ளே போகும். வரி ஒன்றே, படம் ஒன்றே, தவளை ஒன்றே. பெயர் மாறினால் உண்மை மாறிவிடுகிறது! இந்த நடைமுறையை வகுத்தவர்களை நான் ஒருநாளும் சந்திக்காதிருப்பது அவர்கள் நன்மைக்கே.

ஏழு நாட்களாக யோசித்தேன். என் பெயரைத் தாங்கிய நூலில் ரேமாக் இல்லாவிட்டால், அவரை விட்டுவிட்டு மேலே ஏறியவர்களின் வரிசையில் நானும் நின்றவளாவேன். அது என்னால் ஆகாது. ஆகவே முகப்பில் பேராசிரியர் பெயரே இருக்கட்டும். உள்ளே ரேமாக் இருக்கட்டும். ஒரு வரியன்று, ஓர் அத்தியாயம். தாங்கள் வெட்டிய பகுதி முழுவதும், ஞானஸ்நான வரி உட்பட. அதன் தொடர்ச்சியாக என் தவளை முட்டைகள்.

ஏமாற்றுவது என் வழக்கமன்று. அச்சுப்படியைப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். மேலே ஒரு தாளில், ‘இதில் புதிய அத்தியாயம் ஒன்று சேர்ந்துள்ளது, பாடநூல்களில் இல்லாத செய்தி உடையது, வாசித்து ஒப்புதல் அளிக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவர் வாசித்து மறுத்தால், காரணத்தை எழுதட்டும், நான் விடையளிக்கிறேன். வாசித்து ஏற்றால், அவரை நான் தவறாக எண்ணியதற்கு வருந்துவேன். வாசியாமலே கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து ரேமாக்குக்கு உதவட்டும். நூறாண்டுகளாக அவருக்குக் கிடைக்காத பேராசிரியர் ஆதரவு அப்படியாவது கிடைக்கட்டும்.

என் கணவர் இதைக் கேட்டு, “அப்போ பேரு அவருக்கு, வேலை உனக்கு, லாபம் அந்த ஜெர்மன்காரருக்கு. மண்டியில இப்படி ஒரு வியாபாரம் நான் பார்த்ததில்லை” என்றார். பிறகு தாமே அத்தியாயத்தைத் தெளிவான கையெழுத்தில் பிரதி எடுத்துத் தந்தார். இத்துடன் இருப்பது அவருடைய எழுத்து.

தா. நீலாம்பாள்

---

நாகர்கோவில்
22-10-1955

அம்மா,

கமிஷன் அறிக்கை வந்துவிட்டது. எங்கள் தாலுக்காக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று சிபாரிசு. தெருவெல்லாம் வெடி. நான் அச்சகத்தில் இருந்தேன்.

தாங்கள் சொன்னபடியே செய்தேன். வாசகத்தைச் சிவப்பு மையில் நானே எழுதி, மேல் தாளாக வைத்து, அச்சுப்படி முழுவதையும் சணலால் கட்டி அனுப்பினேன். அச்சகத்தில் கட்டும் முடிச்சு ஒன்றுண்டு. இரண்டு சுற்று, ஒரு வளையம். பழக்கமில்லாதவர் அவிழ்த்தால் மறுபடி அப்படிக் கட்ட வராது.

நான்காம் நாள் கட்டு திரும்பி வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. சணலுக்கு அடியில், என் சிவப்பு எழுத்தின்மேலேயே, ‘பார்வையிட்டேன். மிக நன்று. கு. லிங்கம்’ என்று கையெழுத்து.

சரோஜம் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “அந்த அம்மா கிட்ட சொல்லிப்போடாதீங்க, வெங்காயத்தையும் கன்னத்தையும் பத்தி இன்னும் ரெண்டு பக்கம் எழுதிருவாங்க” என்றாள். சொல்லிவிட்டேன்.

குழுவின் அலுவலகத்தில் விசாரித்தேன். பேராசிரியர் பெயரைக் கேட்டதும் குமாஸ்தா ஞானையன், “அவரு புஸ்தகமா? அப்போ நேரே வைக்கலாம்” என்று சொல்லிவிட்டார். இனித் தடை ஒன்றுமில்லை. வருகிற ஜூன் மாதம் போனக்காட்டுத் தோட்டத்துப் பிள்ளைகூட ரேமாக் என்று எழுத்துக் கூட்டி வாசிக்கும்.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. முகப்பு இன்னும் அச்சாகவில்லை. கடைசியாக ஒருமுறை கேட்கிறேன்: இப்படியே போகட்டுமா? தாங்கள் ஒரு சொல் எழுதினால் முகப்பை மாற்றுகிறேன், வருவது வரட்டும்.

ஞானசிகாமணி

---

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
5-11-1955

கனம் பொருந்திய பத்திராதிபர் ஞானசிகாமணி அவர்களுக்கு, நீலாம்பாள் மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். என் கணவர் கிழித்த தாள்களைப் பொறுக்கி, “நல்ல தாளு, பின்புறம் கணக்கு எழுதலாம்” என்று எடுத்துப்போனார்.

முகப்பை மாற்ற வேண்டாம்.

ஆனால் இதற்கு எனக்குச் சம்மதம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். சம்மதமில்லை. உரிமையுள்ள இடத்தை, வேறு வழி அடைபட்டதால், கோபத்துடன் விட்டுக்கொடுக்கிறேன். அடக்கமென்றோ பெருந்தன்மையென்றோ யாரேனும் சொன்னால், அது இரண்டாவது அவமதிப்பாகும். முன்னுரையிலுள்ள அந்த நன்றி வாக்கியத்தையும் நீக்கிவிடுங்கள். எனக்கு நன்றி சொல்ல, நூலில் என்ன இருக்கிறதென்றே அறியாத ஒருவர் தேவையில்லை.

இனி எந்தப் பள்ளியின் ஆசிரியராவது ‘ரேமாக் யார்? எங்கள் பாடநூலில் இல்லையே?’ என்று பேராசிரியருக்கு எழுதுவார். ஒருவர் எழுதாவிட்டால் ஒருவர் எழுதுவார். அன்று அவர் அந்த முடிச்சை அவிழ்த்தே ஆகவேண்டும். தம் பெயரிட்ட நூலைத் தாமே முதன்முறையாக வாசித்து, ரேமாக்குக்காக வாதாட வேண்டும். அந்த நாளை எண்ணித்தான் இப்போது உணவு இறங்குகிறது.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இதில் இம்மியும் விட்டுத்தரமாட்டேன். தவளை முட்டைப் படத்தை மறுபடி வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. அவற்றுக்கு நடுவே ஒன்றுமே தோன்றாத வெறுங்கூழ். என் பெயரை இம்முறை மூலையில் எழுதவில்லை. அந்த வெறுங்கூழில், முட்டைகளுக்கு நடுவே எழுதியிருக்கிறேன். பெயரைச் சீவவேண்டுமானால் முட்டைகளையும் சேர்த்துச் சீவ வேண்டியிருக்கும். தானாக எதுவும் தோன்றாத அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கட்டும்.

பட்டாபி ஐயர் படத்தைப் பார்த்தார். “பேஷ். ஆனா மொதல் நாள் எட்டு என்னாலதான் போச்சுன்னு போடலையே” என்றார். அவருக்கும் மனக்குறை.

பிளாக் செய்பவரிடம் படத்தைத் தாங்களே கையில் கொடுங்கள். கொடுத்தாயிற்றா என்பதை மறு தபாலில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
தா. நீலாம்பாள்